பாதி டாக்டர்னு சொல்லி விக்காதீங்க

1/
பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் ரெண்டும் வந்துட்டா போதும், எனக்கு வர்ற போன்ல பாதி நோயாளிங்க போன் இல்ல, பெத்தவங்க போன். கேள்வி ஒண்ணேதான்: "டாக்டர், புள்ளைக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கல. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் சேத்துடலாமா? அதுவும் பாதி டாக்டர் தானாமே?" ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்ல முடியல. அதனாலதான் இந்த நீள இழை. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

2/
பதில முதல்லயே சொல்லிடறேன். பயோமெடிக்கல் படிச்சவங்க டாக்டர் கிடையாது. பாதி, கால், அரைக்கால் எதுவுமே கிடையாது. அந்தப் பட்டத்த வச்சு மருந்து எழுத முடியாது, ஊசி போட முடியாது, வைத்தியம் பாக்க முடியாது. அவங்க இன்ஜினியர். இதக் கேட்டு உங்க முகம் சுருங்குதுன்னா படிப்பு மேல கோவப்படாதீங்க. அத உங்களுக்கு வேற பேர் சொல்லி வித்த ஆள் மேல கோவப்படுங்க.

3/
கவுன்சிலிங் சமயத்துல பஸ் ஸ்டாண்ட் பக்கம் தொங்கற ஃப்ளெக்ஸ் பேனர பாருங்க. பயோமெடிக்கல் விளம்பரம்னா வெள்ளை கோட்டு, கழுத்துல ஸ்டெதஸ்கோப்போட ஒரு பொண்ணு படம். ஸ்டெதஸ்கோப் எதுக்குங்க? அந்தப் பொண்ணு கையில இருக்க வேண்டியது மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், கேலிபரேஷன் பண்ற கருவி. அத போட்டா சீட்டு போகாதுன்னு ஏஜென்ட்டுக்குத் தெரியும். நீட்ல மார்க் வராத வீட்டோட வலிய பாத்து விரிச்ச வலை அது.

4/
இந்த இழையில மூணு விஷயம் சொல்லப் போறேன்.
ஒண்ணு: "பாதி டாக்டர்" ங்கற பொய், புள்ளைங்களயும் கெடுக்குது, அந்தத் துறையையும் கெடுக்குது.
ரெண்டு: "மெக்கானிக்கல் செத்துப்போச்சு" ங்கறது அதைவிடப் பெரிய பொய். ஆஸ்பத்திரியே அதுலதான் ஓடுது.
மூணு: இதெல்லாம் படிங்கன்னு சொல்ற அரசாங்கம், படிச்சு வந்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில ஒரு நாற்காலி கூட ஒழுங்கா போடல.

5/
மொதல் விஷயம். சி.டி. ஸ்கேன் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. தலையில அடிபட்டா உடனே எடுக்கறோமே அது. அத உருவாக்கினவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். எலக்ட்ரிகல் இன்ஜினியர். இங்கிலாந்துல இ.எம்.ஐ. கம்பெனியில வேலை பாத்தவர். டாக்டர் பட்டம் கிடையாது. 1971-ல முதல் நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுத்தாங்க. 1979-ல அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசே கிடைச்சது.

6/
கொரோனா காலத்துல வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டிப் பாத்த பல்ஸ் ஆக்சிமீட்டர்? அதுக்கு அடிப்படை போட்டவர் டாகுவோ அவோயாகி. ஜப்பான்ல நிஹோன் கோடன் கம்பெனி இன்ஜினியர். 1974-ல அவர் கண்டுபிடிச்ச தத்துவம்தான் இன்னைக்கும் ஓடுது. சிவப்பு ஒளி ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒண்ணு. ரத்தம் எத எவ்வளவு உறிஞ்சுதுன்னு கணக்கு போட்டு ஆக்சிஜன் அளவ சொல்லிடும். ஊசியே குத்த வேண்டாம். என்ன மாதிரி எத்தனை டாக்டர் சேந்தாலும் காப்பாத்த முடியாத அளவு உயிர அந்த ஒரு இன்ஜினியர் காப்பாத்தியிருக்கார்.

7/
இவங்கள பாதி டாக்டர்னு சொன்னா அது அவங்களுக்கு மரியாதையா, அவமானமா? யோசிங்க. முழு இன்ஜினியரா இருந்ததாலதான் எங்க கண்ணுக்குப் படாத வழி அவங்க கண்ணுக்குப் பட்டுச்சு.

8/
அடுத்து, ஏஜென்ட் உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு. தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் 200-க்கு எப்படி போடறாங்க? கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மார்க் அந்தக் கணக்குல வராது. பயோமெடிக்கலுக்கும் இதேதான். பேர்ல "பயோ" இருக்குன்னு நம்பிப் போற புள்ளைக்கு மொத வருஷமே கணக்கு, இயற்பியல், இன்ஜினியரிங் டிராயிங், புரோகிராமிங். அப்புறம் சர்க்யூட், சிக்னல், கன்ட்ரோல் சிஸ்டம். உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் நடுவுல வந்து போற சில பாடம்தான்.

9/
"எம் புள்ளைக்கு கணக்குன்னா ஆகாது, பயாலஜின்னா உயிரு, அதனால பயோமெடிக்கல்." இத எங்கிட்ட சொல்றவங்க நிறைய. தயவுசெஞ்சு சேத்துடாதீங்க. உயிரியல் பிடிச்ச புள்ளைக்கு நர்சிங் இருக்கு, பி.பார்ம். இருக்கு, பிசியோதெரபி இருக்கு, லேப் டெக்னாலஜி இருக்கு, கால்நடை மருத்துவம் இருக்கு, வேளாண்மை இருக்கு. கணக்க கண்டு ஓடற புள்ளைய நாலு வருஷம் சிக்னல் பிராசஸிங்குள்ள தள்ளிட்டு, அரியர் வச்சான்னு அடிக்கறது என்ன நியாயம்?

10/
சரி, ரெண்டாவது விஷயத்துக்கு வருவோம். மெக்கானிக்கல்.
சில வருஷமா நம்ம ஊர்ல ஒரு காத்து. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலன்னா ஐ.டி., அதுவும் இல்லன்னா ஏ.ஐ.ன்னு பேர் வச்ச எதுவோ ஒண்ணு. மெக்கானிக்கல்னா மட்டும் "கிரீஸ் துடைக்கற வேலை"ன்னு ஒரு எளக்காரம். ஓசூர் பக்கம் கம்பெனிக்கு ஷிஃப்டுக்கு போற மாமா பையனக் காட்டி "அவன மாதிரி ஆகணுமா?"ன்னு மிரட்டறது. இதச் சொல்றவங்க ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குள்ள வந்து சுத்திப் பாக்கணும்.

11/
ஆட்டோகிளேவ். ஆபரேஷன் கருவிங்கள நீராவியில வேகவச்சு கிருமி கொல்ற பாத்திரம். பெரிய குக்கர்னு வச்சுக்குங்க. 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15லேர்ந்து 20 நிமிஷம். உள்ள கொஞ்சம் காத்து மாட்டிக்கிச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? அழுத்த மீட்டர் சரியாத்தான் காட்டும், சூடு மட்டும் ஏறாது. முள்ளப் பாத்து "வெந்துடுச்சு"ன்னு எடுத்தா கிருமி உயிரோட இருக்கும். அந்தக் கத்திதான் அடுத்து உங்க வயித்துல வைக்கறது. இது எந்தப் பாடம்? தெர்மோடைனமிக்ஸ். மெக்கானிக்கல் பசங்க ரெண்டாம் வருஷம் மண்டைய உடைச்சுக்கற அதே பாடம்.

12/
வென்டிலேட்டர், டயாலிசிஸ், சொட்டு மருந்து ஏத்தற பம்ப்: ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். தடுப்பூசிய 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வச்சிருக்கற குளிர்ப்பெட்டி: ரெஃப்ரிஜரேஷன். எலும்புல வைக்கற பிளேட், ஸ்க்ரூ: ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். 2021-ல அங்கங்க ஆஸ்பத்திரி வாசல்ல வச்சாங்களே ஆக்சிஜன் பிளான்ட், அது கம்ப்ரஸர், ஃபில்டர், வால்வு, நைட்ரஜன பிடிச்சு வச்சுக்கற ஜியோலைட் தொட்டி. கம்ப்ரஸர் எண்ணெய், ஃபில்டர் மாத்தாம விட்டா பிளான்ட் பேருக்குத்தான் நிக்கும்.

13/
இதயத்துக்குப் போவோம். இதயம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்குது. வருஷத்துக்கு சுமார் 4 கோடி. செயற்கை வால்வு வச்சா அது ஒவ்வொரு துடிப்புக்கும் தொறந்து மூடணும். அதனால ஒரு மெக்கானிக்கல் வால்வ மனுஷனுக்கு வைக்கறதுக்கு முன்னாடி லேப்ல 40 கோடி தடவை தொறந்து மூடி சோதிக்கணும்னு ஒரு தரம் வச்சிருக்காங்க. பத்து வருஷ வாழ்க்கைய முன்கூட்டியே ஓட்டிப் பாக்கற மாதிரி.

14/
இந்தச் சோதனைய, வெல்டிங்க அலட்சியமா எடுத்தா? பியார்க்-ஷைலின்னு ஒரு வால்வு. அதுல ஒரு மாடல் 1979லேர்ந்து 1986 வரைக்கும் வித்தாங்க. உலகம் முழுக்க சுமார் 86,000 பேருக்கு வச்சாங்க. உள்ள இருக்கற தட்ட பிடிச்சிருக்கற கம்பிய வளையத்தோட வெல்ட் பண்ணியிருந்தாங்க. துடிச்சு துடிச்சு அந்தக் கம்பி களைச்சுப் போய் ஒடிஞ்சது. 600-க்கும் மேல ஒடிஞ்சதா பதிவாகியிருக்கு. ஒடிஞ்சா தட்டு கழண்டு ரத்தக் குழாய்க்குள்ள ஓடிடும். அவங்கள்ல பெரும்பாலானவங்க செத்துப் போனாங்க. சைக்கிள் ஹேண்டில்ல வெல்ட் விடறதுக்கும் இதுக்கும் பாடம் ஒண்ணுதான்: மெட்டல் ஃபடீக்.

15/
இப்ப நம்ம பக்கத்து கதை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். இறக்குமதி வால்வு வாங்க முடியாத ஏழைகளுக்காக நம்ம நாட்டுலயே ஒண்ணு பண்ணணும்னு இறங்கினவர் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான். அவர் மட்டும் பண்ணல. ஜி.எஸ்.புவனேஸ்வர்னு ஒரு இன்ஜினியர் தலைமையில ஒரு குழு வருஷக்கணக்கா உழைச்சுது. முதல் மூணு மாடலும் தோத்துச்சு. நாலாவது மாடல்ல தட்டு பாலிஎத்திலீன், கூண்டு ஒரே கட்டி உலோகத்துலேர்ந்து கடைஞ்சு எடுத்தது. வெல்டிங்கே கிடையாது.

16/
1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்கு வச்சாங்க. அதுதான் டி.டி.கே. சித்ரா வால்வு. இறக்குமதி வால்வ விட ரொம்பக் குறைஞ்ச விலை. சின்ன வயசுல வாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப் போன எத்தனையோ ஏழைப் புள்ளைங்க நெஞ்சுல இன்னைக்கு அது டிக் டிக்னு அடிச்சிட்டிருக்கு. அதுல பாதி வேலை கடைசல் பட்டறை வேலைங்க. கிரீஸ் துடைக்கற வேலைன்னு சொன்னீங்களே, அதேதான்.

17/
இடுப்பு மூட்டு மாற்று. ஜான் சார்ன்லின்னு இங்கிலாந்து டாக்டர். மொதல்ல டெஃப்லான்ல கிண்ணம் பண்ணி வச்சார். சில வருஷத்துலயே தேய்ஞ்சு கெட்டுது. 1962-ல அடர்த்தியான பாலிஎத்திலீனுக்கு மாத்தினார், நின்னுச்சு. அவருக்குத் தேவைப்பட்டது உராய்வு, தேய்மானம் பத்தின அறிவு. அரை நூற்றாண்டு கழிச்சும் அந்தப் பாடத்த மறந்தாங்க. உலோகத்து மேல உலோகம் உரசற மாதிரி வந்த ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்ட 2010-ல உலகம் முழுக்க திரும்ப வாங்க வேண்டியதாச்சு. உரசின துகள் உடம்புக்குள்ள போச்சு. இந்தியாவுலயும் நோயாளிங்க நஷ்டஈடுக்கு அலைஞ்சாங்க.

18/
இன்னும் கிட்ட வாங்க. தொப்பூர் கணவாய். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு விளக்கணுமா? லாரி பிரேக் பிடிக்காம வர்ற இறக்கம். அங்க அடிபட்டு கால் இழந்து வர்றவங்களுக்கு நான் காயத்த ஆத்துவேன், தையல் போடுவேன், ஆன்டிபயாடிக் குடுப்பேன். திரும்ப நடக்க வைக்கறது யாரு? முழங்காலுக்கு மேல கால் போனவனுக்கு செயற்கை முழங்கால் மூட்டு வேணும். அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல.

19/
சென்னை ஐ.ஐ.டி.யில சுஜாதா சீனிவாசன்னு ஒரு பேராசிரியர் இருக்காங்க. எந்தத் துறை தெரியுமா? மெக்கானிக்கல். அவங்க குழு 2022-ல "கதம்"னு ஒரு செயற்கை முழங்கால வெளியிட்டுச்சு. பாலிசென்ட்ரிக் வகை. இந்த வகை மூட்டுக்கு அடிப்படை நாலு கம்பி சேந்து நகர்ற இணைப்பு, அதான் ஃபோர்-பார் மெக்கானிசம். கைனமேட்டிக்ஸ் வகுப்புல அட்டைய வெட்டி பின் குத்தி பண்ணுவாங்களே, அதே சமாச்சாரம். காலுக்கு வந்தா நிக்கும்போது மடங்காது, உக்காரும்போது நல்லா மடங்கும்.

20/
அதே குழுதான் உக்காந்த நிலையிலேர்ந்து எழுந்து நிக்க வைக்கற "அரைஸ்" வீல்சேரும் பண்ணுச்சு. நாள் முழுக்க உக்காந்தே இருந்தா புட்டத்துல புண் வரும், சிறுநீரகக் கோளாறு வரும், எலும்பு பலம் போகும். எழுந்து நிக்க முடிஞ்சாலே இதெல்லாம் குறையும். மருந்து மாத்திரையால பண்ண முடியாதத ஒரு ஸ்பிரிங்கும் லீவரும் பண்ணுது. இன்னும் மெக்கானிக்கல் செத்துப்போச்சுன்னு சொல்வீங்களா?

21/
மதுரைக்கு வாங்க. அரவிந்த் கண் மருத்துவமனையோட பிறந்தது ஆரோலேப், 1992. கண்புரை ஆபரேஷன்ல வைக்கற லென்ஸ் அப்ப வெளிநாட்டுலேர்ந்து வந்தா ஒண்ணு 100 டாலர் கணக்குல. ஆரோலேப் அத 10 டாலருக்கும் கீழ கொண்டு வந்துச்சு. இப்ப நூத்துக்கும் மேல நாடுகளுக்கு மதுரையிலேர்ந்து போகுது. நம்ம பாட்டிங்களுக்கு கேம்ப்ல இலவசமா கண் ஆபரேஷன் நடக்குதுன்னா அதுக்குப் பின்னாடி ஒரு தொழிற்சாலை இருக்கு. அதுக்குள்ள மெஷின் ஓட்டறவங்க இருக்காங்க.

22/
ஆக, பயோமெடிக்கல் வேற, மெக்கானிக்கல் வேறன்னு பிரிச்சு வச்சு ஒண்ணுக்கு வெள்ளை கோட்டும் இன்னொண்ணுக்கு கிரீஸும் பூசறது முட்டாள்தனம். அமெரிக்காவுல பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்துல துறைக்கு பேரே "மெக்கானிக்கல் மற்றும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்". ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ. நம்ம ஊர்ல ரெண்டு துறை பசங்களும் ஒரே கேன்டீன்ல சாப்பிட்டுட்டு ஒருத்தர் லேப்ப ஒருத்தர் பாக்காமலே பட்டம் வாங்கிட்டுப் போறாங்க.

23/
மூணாவது விஷயம். இங்கதான் எனக்கு கோவம் அதிகம்.
மத்திய அரசு தேசிய சுகாதார இயக்கம் மூலமா 2015 வாக்குல ஒரு கணக்கெடுத்துச்சு. 29 மாநிலம், 29,115 அரசு மருத்துவ நிலையம், 7,56,750 கருவி, மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். அதுல மாநிலத்துக்கு மாநிலம் 13லேர்ந்து 34 சதவீதம் கருவி வேலை செய்யல.

24/
எல்லா மாநிலத்துலயும் குறைஞ்ச கணக்கு 13 சதவீதம்தான்னு வச்சுக்கிட்டாலும் 98,000-க்கு மேல கருவி பொணமா கிடந்திருக்கு. உங்க வரிப்பணம். ரிப்பன் வெட்டும்போது எடுத்த போட்டோ இருக்கும். கருவி மேல துணி மூடி ஒரு மூலையில நிக்கும். துணிய தூக்கிப் பாத்தா ஃப்யூஸ் போயிருக்கும், இல்ல எலி வயர கடிச்சிருக்கும்.

25/
அதுக்கப்புறம் ஒரு இலக்கு வச்சாங்க. மாவட்ட மருத்துவமனையில கருவிங்க 95 சதவீத நேரம் ஓடணும், சமுதாய சுகாதார நிலையத்துல 90, ஆரம்ப சுகாதார நிலையத்துல 80. நல்லாத்தானே இருக்குன்னு தோணும். கணக்கு போடுங்க. 80 சதவீதம்னா வருஷத்துல 73 நாள் அந்தக் கருவி நிக்கலாம்னு அர்த்தம். இலக்கே அது! மாவட்ட மருத்துவமனைக்கு 18 நாள். கிராமத்துக்காரன் நோய் மட்டும் 73 நாள் லீவு எடுத்துக்குமா?

26/
நான் வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரியில, பேர் வேண்டாம், குழந்தை வார்மர் ஒண்ணு நின்னு போச்சு. போனது குழந்தை தோல்ல ஒட்டற டெம்பரேச்சர் சென்சார் வயர். புகார் போட்டோம். கம்பெனி ஆள் வெளியூர்லேர்ந்து வரணும். வாரண்டி முடிஞ்சுதா இல்லையான்னு ரெண்டு ஆபீஸுக்கு நடுவுல கடிதம் போய் வந்துச்சு. மூணு வாரம். அந்த மூணு வாரமும் எடை குறைஞ்ச ரெண்டு குழந்தைய ஒரே வார்மர்ல வச்சு பாத்தோம். ஒண்ணுக்கு இருக்கற கிருமி இன்னொண்ணுக்கு தொத்தும்னு தெரிஞ்சேதான்.

27/
அந்த வயர மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை. ஸ்டோர்ல ஒரு ஸ்பேர், பக்கத்துல ஒரு இன்ஜினியர் இருந்திருந்தா முடிஞ்சு போச்சு. சிஸ்டர் பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பாத்தாங்க, எலக்ட்ரீஷியன் அண்ணன் "இது நம்ம லைன் இல்ல சார்"னார். அவர் சொன்னதும் நியாயம்தான். நோயாளி உடம்போட ஒட்டற கருவியில கசியற மின்சாரம் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு தெரியுமா? இதயத்த நேரடியா தொடற கருவிக்கு 10 மைக்ரோ ஆம்பியர். ஒரு ஆம்பியர ஒரு லட்சமா பிரிச்சா வர்ற ஒரு பங்கு. வீட்டு வயரிங் கத்துக்கிட்டவர் அதுல கை வைக்கக் கூடாது.

28/
நின்னு போற மெஷினாவது பரவால்ல, தெரிஞ்சிடும். தப்பா காட்டற மெஷின்தான் ஆபத்து. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் தொடங்குச்சு. வீட்டுக்கே வந்து பி.பி. பாக்கறாங்க. அருமையான திட்டம். ஆனா அந்த பி.பி. மெஷின் 10 புள்ளி கூட காட்டினா? நல்லா இருக்கற ஆளுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை. 10 புள்ளி குறைச்சு காட்டினா? பக்கவாதம் வர்ற ஆள "நல்லா இருக்கீங்க"ன்னு அனுப்பிடுவோம். அந்த மெஷின கேலிபரேட் பண்றது யார் வேலை? ஊர் ஊரா போற சகோதரி வேலையா?

29/
தமிழ்நாட்டுல ஒண்ணும் நடக்கலன்னு நான் சொல்ல வரல. தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் 1994லேர்ந்து இருக்கு. மருந்து கொள்முதல்ல நாட்டுக்கே முன்மாதிரி. கருவிங்களும் அது மூலமா வருது. பயோமெடிக்கல் இன்ஜினியருங்களும் இருக்காங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் ஒருத்தர் தலையில பல ஆஸ்பத்திரி. இன்னைக்கு அரூர், நாளைக்கு பென்னாகரம், நடுவுல ஆபீஸ் மீட்டிங், எக்செல் ஷீட். அவர் வர்றதுக்குள்ள அடுத்தது நின்னிருக்கும். அவர குறை சொல்ல எனக்கு மனசு வராது.

30/
எங்க சாதி, அதாவது டாக்டர் சாதிய பத்தியும் சொல்லணும். மெஷின் ரிப்பேருக்கு வர்ற இன்ஜினியர "சர்வீஸ் பையன்"னு கூப்பிடறோம். ஓ.பி. வாசல்ல மணிக்கணக்கா நிக்க வைக்கறோம். கருவி வாங்கற கமிட்டியில கூப்பிட்டு கருத்து கேக்கறது அபூர்வம். அப்புறம் தூசி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் தாங்காத மெஷின வாங்கிட்டு "கம்பெனி மோசம்"னு புலம்பறோம். நம்ம வார்டு வெயிலுக்கு, நம்ம கரன்ட்டுக்கு, நம்ம தண்ணிக்கு எது தாங்கும்னு கேக்க வேண்டிய ஆள வாசல்ல நிக்க வச்சா அப்படித்தான் ஆகும்.

31/
"எல்லாம் சரி டாக்டர், வேலை எங்க? சம்பளம் எங்க?" நியாயமான கேள்வி. மழுப்பாம சொல்றேன். பயோமெடிக்கல் முடிச்சு வர்ற நிறைய பேர் கருவி விக்கற வேலைக்கும், சர்வீஸுக்கும், தனியார் ஆஸ்பத்திரிக்கும் போறாங்க. ஆரம்ப சம்பளம் கம்மிதான். கொஞ்ச பேர் ஐ.டி.க்கே போயிடறாங்க. இத மறைச்சு "வெளிநாட்டுல லட்சக்கணக்குல"ன்னு சொல்ற காலேஜ நம்பாதீங்க. போன வருஷம் முடிச்ச பத்து பேர் போன் நம்பர் கேளுங்க. குடுக்கலன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

32/
ஆனா இதயும் பாருங்க. நாம பயன்படுத்தற மருத்துவக் கருவியில 70லேர்ந்து 80 சதவீதம் இறக்குமதின்னு அரசும் தொழில்துறையும் திரும்பத் திரும்ப சொல்லுது. 2020 ஏப்ரல்லேர்ந்து எல்லா மருத்துவக் கருவியும் மருந்து மாதிரியே சட்டக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்தாச்சு. அதுக்கு சோதனை, தரச் சான்று, ஆவணம் எல்லாத்துக்கும் ஆள் வேணும். ஒரகடத்துல மருத்துவக் கருவிப் பூங்கா வருது. சென்னையில பீனிக்ஸ் மாதிரி கம்பெனி குழந்தை வார்மர், போட்டோதெரபி எல்லாம் இங்கயே பண்ணுது. தேவை இருக்கு. வேலையா மாத்தறதுக்கு அரசு மனசு வைக்கணும்.

33/
தம்பி, தங்கச்சி, இனி உங்களுக்கு நேரா சொல்றேன்.
கணக்கும் இயற்பியலும் வருதா? கையால எதையாவது கழட்டி மாட்டற ஆசை இருக்கா? நல்ல அரசு கல்லூரியில மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ கிடைச்சா, லேப் வசதி இல்லாத தனியார் காலேஜ் பயோமெடிக்கல விட அத எடுங்க. மேல் படிப்புல மருத்துவக் கருவி பக்கம் வரலாம். கேட் தேர்வுல 2020லேர்ந்து பயோமெடிக்கலுக்கே தனித் தாள் இருக்கு. கதவு ரெண்டு பக்கமும் தொறந்திருக்கு.

34/
பயோமெடிக்கல்லயே நேரா சேரணும்னா காலேஜ் பேர பாக்காதீங்க, லேப்ப பாருங்க. பழைய வென்டிலேட்டர், இ.சி.ஜி., டயாலிசிஸ் மெஷின் கழட்டிப் பாக்க இருக்கா? பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம்? எத்தனை வாரம் ஆஸ்பத்திரிக்குள்ள அனுப்பறாங்க? சென்னை ஐ.ஐ.டி. 2023-ல மருத்துவ அறிவியலும் இன்ஜினியரிங்கும் சேத்து தனித் துறையே தொடங்கியிருக்கு. ஐசர் நடத்தற ஐ.ஏ.டி. தேர்வு வழியா சேரலாம். நம்ம மாவட்டப் பள்ளியில இத எத்தனை பேருக்கு சொல்லியிருக்காங்க?

35/
அரசுப் பள்ளியில படிச்சவங்களா? இன்ஜினியரிங்குக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021லேர்ந்து இருக்கு. அதுல சேந்தா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் அரசே கட்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வேற. ஏஜென்ட்டுக்கு நிலத்த அடமானம் வச்சு லட்ச ரூபாய் குடுக்கறதுக்கு முன்னாடி இத விசாரிங்க. நிலம் போனா திரும்பாது.

36/
அரசாங்கத்துக்கு என் கோரிக்கை நாலு.
ஒண்ணு: பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனைக்கும் ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியர், நிரந்தரப் பணியிடத்துல.
ரெண்டு: மாவட்டத்துக்கு ஒரு பட்டறை, அதுல சென்சார், ஃப்யூஸ், பேட்டரி, டியூப் மாதிரி அடிக்கடி போற ஸ்பேர் எப்பவும் கையிருப்புல.

37/
மூணு: செட்டிக்கரையில 2013லேர்ந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கு. 2008லேர்ந்து தர்மபுரியில அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ரெண்டும் ஒரே மாவட்டம், ரெண்டும் அரசாங்கம். அங்க படிக்கற மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் பசங்கள ரெண்டு மாசம் ஆஸ்பத்திரிக்கு இன்டர்ன்ஷிப் அனுப்புங்க, மேல ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியர வச்சு. புராஜெக்ட்டுக்கு காசு குடுத்து மாடல் வாங்கற பழக்கமும் ஒழியும்.
நாலு: ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசல்லயும் ஒரு போர்டு. எந்தக் கருவி ஓடுது, எது நிக்குது, எத்தன நாளா.

38/
"இதுக்கெல்லாம் காசு எங்க?"ன்னு யாராவது கேப்பாங்க. 4,564 கோடிக்கு கருவி வாங்க காசு இருந்துச்சு. அத ஓட வைக்கற ஆளுக்கு சம்பளம் குடுக்க மட்டும் காசு இல்லையா? பஸ் வாங்கிட்டு டிரைவர் போடாத டெப்போவ உங்க ஊர்ல சும்மா விடுவீங்களா?

39/
படிச்ச நீங்க ரெண்டு காரியம் பண்ணுங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ பிளஸ் டூ முடிச்ச புள்ளை இருந்தா 8, 9, 33, 34, 35 மட்டும் அவங்க அப்பா அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க. அடுத்த தடவை உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில "மெஷின் ரிப்பேர், சேலம் போங்க"ன்னு சொன்னா டாக்டர்கிட்டயும் சிஸ்டர்கிட்டயும் சண்டை போடாதீங்க. எத்தன நாளா ரிப்பேர், புகார் எண் என்ன, யார் வந்து பாக்கணும்னு கேட்டு எழுதி வாங்குங்க. அந்தக் காகிதத்தோட உங்க எம்.எல்.ஏ. ஆபீஸுக்கும், கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் போங்க.

40/
கமென்ட்ல இன்ஜினியர் நண்பர்கள் வாங்க. பயோமெடிக்கல் முடிச்சு இப்ப எங்க, என்ன வேலை, என்ன சம்பளம்னு வெளிப்படையா எழுதுங்க. சேரப் போற புள்ளைங்க அத படிக்கட்டும். பேனர்ல வர்ற ஸ்டெதஸ்கோப் பொண்ணு படத்த விட உங்க நாலு வரி அவங்களுக்கு உபயோகம். டூட்டி நேரம் ஆச்சு, ராத்திரி வந்து பதில் போடறேன்.